பதினொரு பேருக்கு ஒரே போன் நம்பர்

சென்னையில் பஸ் ஏறி முக்கால் மணி நேரம் கழித்துத்தான், ஆரணி என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது எனக்குத் தெரிந்தது. கண்டக்டர் என் பெட்டியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பட்டு எடுக்கவா வந்தீங்க? அது வேற ஆரணிம்மா. இது பெரியபாளையத்தாண்ட கீற ஆரணி" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எனக்கு வழி சொன்னார்கள். ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். மலேசியாவில், கிள்ளான் தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரைபடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் நான். என் பழைய மாணவர்கள் யாரும் இதைப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மகளுக்குக் கல்யாணம். கூறைப்புடவை அரக்கு நிறத்தில், மயில்கழுத்துக் கரையோடு வேண்டும் என்றாள். மலேசியாவிலேயே கடைகள் இருக்கின்றன. ஆனால் ஆரணியில் ஏகாம்பரம் என்ற பட்டு முதலாளி போனிலேயே படம் அனுப்பி, பேசி, நெய்யக் கொடுத்துவிட்டார். புடவை தறியில் இருக்கும்போதே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. "அம்மா, அது புடவை, பேரப்பிள்ளை இல்லை" என்றாள் மகள். நான் கேட்கவில்லை.

சரியான ஆரணிக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ். களம்பூர் பக்கம் போகிற நெல் லாரி ஒன்று சந்தில் மாட்டிக்கொண்டு, முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் அரை மணி நேரம் ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அடித்தார். நானும் ஒரு டீ குடித்தேன். எங்கள் ஊரில் தே தாரேக் என்கிற நுரை டீ ஒரு குவளை வாங்கினால் ஒரு பஞ்சாயத்தே பேசி முடிக்கலாம். இங்கே இரண்டு வாயில் கிளாஸ் காலி. இன்னொன்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

மறுநாள் காலை இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறி என்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. வடையைச் செய்து, அதை உதிர்த்து, மறுபடி குழம்பில் போடுகிறார்கள். இத்தனை சிரமம் எதற்கு என்று நினைத்துக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏகாம்பரத்தின் கடை அவர் வீட்டு முன்னறைதான். வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் எல்லோரும் கீழே உட்கார வேண்டும். என் முழங்கால் மறுத்தது. ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெலுங்கில் ஒருத்தி மற்றவளிடம், "இந்தம்மா வெளிநாடு போல. எதை விரித்துக் காட்டினாலும் தலையாட்டுகிறது, பார்" என்றாள். கிள்ளானில் என் பக்கத்து வீட்டில் இருபது வருடமாகத் தெலுங்குக் குடும்பம். நான் தலையாட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு ஏகாம்பரம் வாசலை எட்டிப் பார்த்தார். அறுபதைத் தாண்டியவர், நெற்றியில் விபூதி, அதற்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடி. கையைப் பிசைந்தார்.

"டீச்சரம்மா, உங்களாண்ட ஒரு விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது."

புடவை முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் போனைத் திறந்து என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

திரையில் பதினொரு செய்திகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையின் முடிவு. பத்தில் குறை எதுவும் இல்லை என்று இருந்தது. பதினொன்றாவது கஸ்தூரி என்ற பெயருக்கு வந்தது. மேற்கொண்டு பரிசோதனை தேவை, உடனே அரசு மருத்துவமனைக்கு வரவும்.

"இதெல்லாம் உங்க போனுக்கு ஏன் வருது?" என்றேன்.

அவர் சுவரிடமே பதில் சொன்னார். சேவூரில் அவருக்குப் பதினொரு தறி ஓடுகிறது. தறியில் ஏற்றுகிற பாவு நூலும் பட்டும் ஜரிகையும் அவர் கொடுக்க, வீட்டில் கணவனும் மனைவியுமாக நெய்து கொண்டுவந்து தருவார்கள். போன மாதம் சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து, அந்தத் தெருப் பெண்களுக்கு ஆளுக்கொரு சின்னக் குச்சி கொடுத்திருக்கிறார். முனையில் மெத்தென்று பிரஷ் மாதிரி இருக்கும். திரைக்குப் பின்னால் போய் அவர்களே மாதிரி எடுத்து, குப்பியில் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு பாரம், அதில் போன் நம்பர்.

"ரேஷனோ, சங்கமோ, இன்சூரன்ஸோ, எந்த பாரமா இருந்தாலும் அவங்க எழுதறது என் நம்பர்தாங்க. எப்பவோ பழகிப்போச்சு. இதுலயும் எழுதிட்டாங்க. பதினொரு பேரும்."

"வந்து எத்தனை நாளாச்சு?"

"பதினாறு நாள்."

எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டேன். "பதினாறு நாளா வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களா?"

"வீட்டுக்காரி ஊர்ல இருந்தா அவளை விட்டுச் சொல்லியிருப்பேன். பெங்களூர்ல பொண்ணு பிரசவத்துக்குப் போயிருக்கா. கஸ்தூரி வீட்டுக்காரன் மணியாண்ட சொல்லலாம்னா, ஒரு ஆம்பள இன்னொரு ஆம்பளயாண்ட இதை எப்படிங்க பேசறது? நர்சம்மா ரெண்டு தடவை போன் பண்ணிச்சு. சொல்லிடறேன்னு சொல்லிட்டேன்."

"சரி, நல்லா இருக்கிற பத்துப் பேருக்காவது சொல்லியிருக்கலாமே?"

இப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். "பத்துப் பேருக்குச் சொன்னா, பதினோராவது ஆளு யாருன்னு தெருவுக்கே தெரிஞ்சிடுமேம்மா."

அந்த மனிதர் மேல் இருந்த கோபத்தில் பாதி அப்போதே இறங்கிவிட்டது. தூங்கியே பல நாள் ஆனவர் மாதிரி இருந்தார். மீதிப் பாதியை நான் வைத்துக்கொண்டேன். என் மகளின் புடவை யார் தறியில் இருக்கிறது என்று கேட்டேன். கஸ்தூரி தறியில்தான் என்றார். நாளைக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் சேவூருக்கு டவுன் பஸ்ஸில் போனேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று தெரியாமல் நான் காசை நீட்டிக்கொண்டே நிற்க, கண்டக்டர் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார். என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்துவிட்டேன்.

கஸ்தூரிக்கு நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வேகமான கை. தறிக்குழியில் மணி உட்கார்ந்து புடவையின் உடலுக்கு, நூல் சுற்றிய நாடாக்கட்டையை எறிய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு இவள் எறிந்தாள். அரக்கு ஒரு பக்கம், மயில்கழுத்து ஒரு பக்கம், இரண்டும் சேருகிற கோட்டில் ஒரு இழைகூடப் பிசகவில்லை. நான் கடல் கடந்து பார்க்க வந்த புடவை. தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், தொட்டேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க ஊர்ல இப்படி நெல்லு வயல் கிடையாது. கொஞ்சம் காட்டறியா கஸ்தூரி?" என்று கேட்டேன். அது பச்சைப் பொய். கிள்ளானிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் கண்ணுக்கெட்டும் வரை வயல்தான்.

வரப்பில் முன்னால் நடந்தாள். பள்ளியில் பெற்றோரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். அதற்கெல்லாம் மேஜை இருந்தது, நாற்காலி இருந்தது. இங்கே ஒரு அடி அகல வரப்பில் அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

நின்றாள். திரும்பவில்லை.

"முதலாளி கூப்பிடலையே" என்றாள்.

புரியவில்லை எனக்கு. அவளே சொன்னாள். "பொடவை முடிஞ்சதும் தறியிலேர்ந்து அறுத்துகினு போய்க் குடுப்போங்க. ஏதாச்சும் குறை இருந்தா அன்னிக்கே கூப்பிட்டு வரச் சொல்லுவாரு. கூப்பிடலைன்னா நல்லா கீதுன்னு அர்த்தம். அடுத்த பாவு ஏத்திடுவோம். இதுக்கும் கூப்பிடலை. நாங்க பதினொரு பேரும் நல்லா கீறோம்னு தைரியமா இருந்தோம்."

பதினாறு நாளும் அவள் நிம்மதியாக இருந்திருக்கிறாள். அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு வலி இல்ல, ஒண்ணுமில்ல. நான்தான் தப்பா எடுத்திருப்பேன்" என்றாள் பிறகு. "நர்சம்மா சொல்லிக்குடுத்துச்சு. ஆனா உள்ளப் போனதும் கை நடுங்கிப்போச்சு. சரியா வெச்சேனா, எத்தனை சுத்து சுத்தினேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. படிச்சவங்க செய்யற வேலையை எங்ககிட்டக் குடுத்தா இப்படித்தான்."

"அறுந்த பட்டு இழையைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிணைக்கிற கை இது" என்றேன்.

"அது வேறங்க."

தப்பாகவே எடுத்திருந்தாலும் மறுபடி ஒரு தடவை பார்ப்பதில் நஷ்டம் இல்லை என்றேன். புற்று என்று அந்தச் செய்தியில் இல்லை, பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது என்றேன். வலி வருவதற்கு முன்னாலேயே கண்டுபிடிப்பதற்குத்தானே இந்த ஏற்பாடு என்றேன். வகுப்பு எடுப்பது எனக்குக் கைவந்த கலை. அவள் வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டே இருந்தாள். சேறு எப்போதோ போய்விட்டது.

"தெருவுக்குத் தெரியுமா?"

"முதலாளிக்கும் எனக்கும்தான்."

வீட்டுக்கு வந்தவள் மணியிடம், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். அக்கா கூட வராங்க" என்றாள். அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தறி?" என்றான். "நிக்கட்டும்" என்றாள். அவன் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டையும் எனக்கே கொடுத்தான்.

நான்காம் நாள் காலை ஆஸ்பத்திரி. பாரம் நிரப்புகிறவர் போன் நம்பர் கேட்டார். கஸ்தூரி மளமளவென்று சொல்ல ஆரம்பித்தாள். ஆறு எண் சொன்ன பிறகுதான் அது ஏகாம்பரத்தின் நம்பர் என்று உறைத்து அவள் கையைக் கிள்ளினேன். அவளிடமும் போன் இருந்தது. நம்பர்தான் தெரியாது. யாரும் கேட்டதில்லையாம். என் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லி, அதைப் பார்த்து எழுதினோம்.

பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் களம்பூர் ரைஸ் மில்லில் வேலை செய்கிற ஒரு பெண். தலைமுடியில் இன்னும் உமி ஒட்டியிருந்தது. நர்ஸ் சொன்னார் என்று வந்தவள், அதுவரை இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். "இன்னாமோ பேஜாரா கீதுங்க, வேலை வேற கெடுது" என்றாள் பொதுவாக.

கஸ்தூரியைக் கூப்பிட்டார்கள். பதற்றத்தில் என் பையைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதில் என் பாஸ்போர்ட் இருந்தது. கேட்கத் தோன்றவில்லை.

சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். நான் அவளை அழைத்து வந்திருக்கிறேன். உள்ளே அவர்கள் வேறு மாதிரி சொல்லிவிட்டால், வரப்பில் அத்தனை தைரியமாகப் பேசிய டீச்சர் அதற்கு மேல் என்ன செய்வாள்? மணிக்கு என்ன சொல்வாள்? முக்கால் மணி நேரத்தில் அட்டவணையைப் பின்னாலிருந்தும் ஒப்பித்துவிட்டேன்.

கதவு திறந்தது. கஸ்தூரி வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"நான் சரியாத்தான் எடுத்துக்கீறேனாம்" என்றாள்.

"என்ன?"

"டாக்டரம்மா சொன்னாங்க. நீ சரியா எடுத்துக் குடுத்ததாலதாம்மா எங்களால கண்டுபிடிக்க முடிஞ்சுதுன்னு. நான் ஒண்ணும் தப்பு பண்ணலையாம்."

"அது கிடக்கட்டும் கஸ்தூரி, என்ன சொன்னாங்க?"

அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. புற்று இல்லை. கருப்பை வாயில் சின்னதாக ஒரு இடம், அப்படியே விட்டிருந்தால் பல வருடம் கழித்துப் புற்றாக மாறக்கூடியது. அங்கேயே சூடு வைத்து எடுத்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி வந்து பார்க்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கஸ்தூரி அழவில்லை. என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். யார் யாருக்குத் துணையாக வந்தது என்று பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

களம்பூர்ப் பெண் நெருங்கி வந்து உட்கார்ந்தாள். "வலிச்சுதா?" என்று காதோடு கேட்டாள்.

கஸ்தூரி காதோடு பதில் சொல்லவில்லை. "அடிவயித்துல சுருக்குனு இருந்துச்சு, மாதாந்திர வலி மாதிரி. அவ்ளோதான். முதல்ல வினிகர் மாதிரி ஒண்ணு தொட்டு வெச்சுப் பாத்தாங்க. ஊறுகாய் வாசனை. அப்பால ஜல்தியா முடிஞ்சிடுச்சு. உனக்கு அதுகூட இல்ல, குச்சியில நீயே எடுத்துக் குடுக்கறதுதான். கை நடுங்கும். நடுங்கினாலும் சரியா வரும்." வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பிறகு சிரித்தாள். "ஒரு மாசத்துக்கு வீட்டுக்காரரைத் தனிப் பாய் போடச் சொல்லியிருக்காங்க. அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பெஞ்சே சிரித்தது. முந்தைய நாள் தெருவுக்குத் தெரியுமா என்று கேட்டவள் இவள்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது களம்பூர்ப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பண்ணிகினீங்களாம்மா?"

எத்தனை எளிய கேள்வி. எங்கள் ஊர் சுகாதார கிளினிக் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இதே குச்சி அங்கேயும் இருக்கிறது. வாருங்கள் என்று கடிதமே வந்தது. மகளின் கல்யாண வேலை முடியட்டும் என்றேன். அதற்கு முன்னால் பள்ளி வேலை முடியட்டும் என்றேன். அதற்கும் முன்னால் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

"இல்லை" என்றேன்.

கஸ்தூரி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு இஷ்டமில்லை. பஸ் நிலையம் வரை எனக்கு முன்னால் நடந்தாள். பசி என்று உட்கார்ந்து இரண்டு மக்கன் பேடாவைச் சாப்பிட்டாள். ஆற்காட்டுப் பக்கத்து இனிப்பு, உள்ளே முந்திரியும் திராட்சையும் ஒளிந்திருக்கும். மூன்றாவதை என் பக்கம் தள்ளினாள்.

"ஊருக்குப் போனதும் பண்ணிக்கறேன்" என்றேன்.

"நாங்களும் அப்படித்தான் சொல்லிகினு இருந்தோம்" என்றாள்.

அன்று மாலையே சேவூர்த் தெருவில் பத்து வீட்டுக்கும் அவளே போய் நல்ல செய்தி சொன்னாள். பதினொன்றாவது நான்தான், எனக்கும் சரியாகிவிட்டது என்று தன் கதையையும் சேர்த்துச் சொன்னாள். ஏகாம்பரத்துக்கு விஷயத்தை நான் போனில் சொன்னேன். அவர் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "இன்னிக்குச் சாப்பிடுவேன்" என்றார். என்னிடம் மிச்சமிருந்த பாதிக் கோபமும் அங்கே போய்விட்டது.

புடவை முடிவதற்கு முன்னாலேயே நான் கிளம்ப வேண்டியிருந்தது. டாக்டர் கஸ்தூரிக்குச் சில நாள் ஓய்வு சொல்லியிருந்தார். ஓய்வு முடிந்து அவள் உட்கார்ந்து நெய்து, பார்சலில் அனுப்பினாள். அதற்குள் அவளிடமிருந்து வாராவாரம் போன். புடவையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "போனீங்களா?" என்பாள். கல்யாண மண்டபம், சமையல்காரர், அழைப்பிதழ் என்று நான் மென்று முழுங்குவேன். "சரி, அடுத்த வாரம் பண்றேன்" என்று வைத்துவிடுவாள். மூன்றாவது வாரம் அந்தப் போனுக்குப் பயந்தே கிளினிக்குக்குப் போனேன்.

திரைக்குப் பின்னால் நின்றபோது என் கையும் நடுங்கியது. எத்தனை சுற்று என்பதே மறந்துவிட்டது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, எத்தனையோ ஆசிரியர் பயிற்சிப் பட்டறைகளில் பேசியவள். வெளியே வந்து நர்ஸிடம் இரண்டு தடவை கேட்டேன், சரியாக எடுத்தேனா என்று.

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை என் போனுக்கு வந்தது. குறை எதுவும் இல்லை. பக்கத்து அறையில்தான் கணவர் இருந்தார். நான் முதலில் சேவூருக்கு அடித்தேன். நாடா ஓடுகிற சத்தம் கேட்டது. சொன்னேன். "ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க" என்று மணியிடம் சொன்னாள். தறிச் சத்தம் நின்றது. "டீச்சரக்கா நல்லா கீறாங்களாம்."

வாசல் பக்கமிருந்து யாரோ ஒருத்தி, யாரு என்று கேட்டாள். கஸ்தூரி மறுபடி சொன்னாள். அவள் அதை அடுத்த வீட்டுக்குச் சொன்னாள். நான் போனை வைக்கவில்லை. மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு குரல், "யாரு, மலேசியாக்காரங்களா? அப்பாடா" என்று சொல்லும் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.